ஓடியது 6,200 கிலோமீட்டர், ஓடியது 19 மாதமும்தான்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் 11 லட்சம் கொடுத்து பெட்ரோல் கார் வாங்கினேன். ஐந்து வருட வாரண்டி. கடைசியாக ஆயில் மாற்றியபோது மீட்டர் 22,400, இப்போது 28,600. பத்தாயிரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று ஷோரூமிலேயே சொன்னார்கள். முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பத்தில் உள்ள என் கடைக்குப் போய்வருவதைத் தவிர வண்டி பெரிதாக ஓடுவதில்லை. போன மாதம் அரியாங்குப்பம் தாண்டியதும் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகி, நின்றுவிட்டது. 19 மாதம் ஆயில் மாற்றவில்லை என்று வாரண்டியை மறுக்கிறார்கள். எஸ்டிமேட் 2,65,000 ரூபாய். 'குட்வில்' சலுகை என்று பார்ட்ஸ் விலையில் 35 சதவீதம் குறைப்பார்களாம். சர்வீஸ் மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. மகள் கல்யாண வேலையெல்லாம் கெட்டது. நடுவில் ஒருமுறை ஆயில் மாற்றியதாக பில் தர, தெரிந்த மெக்கானிக் தயாராக இருக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: நாற்காலி தராததும் கல்யாண வேலை கெட்டதும் வருத்தம்தான், ஆனால் வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. ஷோரூமில் வாயால் சொன்னதற்கும் அதே கதி. உங்கள் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கும் மேனுவலை எடுத்து, பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அங்கே இருப்பது "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முன்னே வருகிறதோ அது". நீங்கள் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள். கம்பெனி இரண்டாம் பாதியைப் படிக்கிறது. ஏழு மாதம் தாண்டிவிட்டீர்கள். கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான்.

"வண்டி ஓடவே இல்லையே" என்பதை உங்கள் பலமாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நானாக இருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வேன். முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் நாலைந்து கிலோமீட்டர். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் கடை வந்துவிடும். அப்படி ஓடும் வண்டியில் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோல் கசிவும் ஆவியாகிப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்கள் தேய்ந்து, கடைசியில் அது சேறு மாதிரி ஆகும். அதனால்தான் பல மேனுவல்களில், குறைந்த தூரம் அடிக்கடி ஓட்டுவதைக் 'கடுமையான உபயோகம்' என்ற தலைப்பில் போட்டு, இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் வாதம் அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

அதற்காகக் கம்பெனி உடனே ஜெயித்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் தாமதமானது என்பது ஒன்று, தாமதத்தால்தான் இன்ஜின் போனது என்பது இன்னொன்று. ஆயில் பம்ப் பழுதாகியும் இன்ஜின் சீஸ் ஆகலாம். சீல் கசிந்து ஆயில் இறங்கியிருந்தாலும் ஆகலாம். பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதித் தரும் வேலைச் சீட்டுகளை, எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் "ஆயில் குறைகிறது" என்று புகார் பதிவாகியிருந்தால் கதையே வேறு. அதோடு என்னிடம் வாருங்கள், வழக்கு உண்டு. இல்லையென்றால் அடுத்த பத்திகளை நிதானமாகப் படியுங்கள்.

நுகர்வோர் ஆணைய நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாக முடிக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 11 லட்சம் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். 34-ஆம் பிரிவு நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போட இடம் தருகிறது, கடலூரிலேயே போடலாம். ஒரே ஒரு சந்தேகம்: உங்கள் ஆர்.சி. எந்த விலாசத்தில்? வரி குறைவு என்று புதுச்சேரி விலாசம் கொடுத்துப் 'பி.ஒய்.' நம்பர் வாங்கியவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அப்படியென்றால் "கடலூர்வாசி" என்று நீங்கள் சத்தியப் பிரமாணம் செய்த அன்றே எதிர்த்தரப்பு ஆர்.சி.யை நீட்டும். வேறு மாநிலத்தில் வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்ற விதியும் கூடவே வரும். வண்டி வாங்கியது புதுச்சேரி, நின்றது புதுச்சேரி, வழக்கும் அங்கேயே இருக்கட்டும்.

சரி, மெக்கானிக் பில்லுக்கு வருவோம். நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரர், கிட்டத்தட்ட உங்கள் கதைதான். இடையில் வெளியே ஆயில் மாற்றினேன் என்று ஒரு பில்லோடு வந்தார். தேதி மார்ச், மீட்டர் 31,200 என்று அழகாக எழுதியிருந்தது. நானும் நம்பித் தாக்கல் செய்தேன். அதற்குப் பின் ஏப்ரலில் அவர் ஏ.சி. ரிப்பேருக்கு ஷோரூமுக்குப் போயிருக்கிறார். அந்த ஜாப் கார்டில் மீட்டர் 29,870. மீட்டர் பின்னால் ஓடாது. எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளை நீட்டியதும் எங்கள் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு வாரண்டியும் போனது, குட்வில்லும் போனது, மெக்கானிக் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று போனை அணைத்துவிட்டார். ஆணையத்தின் முன் நடப்பது நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். பொய்ச் சான்று கொடுப்பது, போலி ஆவணத்தைத் தெரிந்தே பயன்படுத்துவது இரண்டும் பாரதிய நியாய சம்ஹிதை என்ற தண்டனைச் சட்டத்தில் குற்றம். நீங்கள் சொல்லும் பில், பணம் கட்டாமல், ஆயில் கேன் வாங்காமல், இன்று உட்கார்ந்து எழுதும் பில். பில் புத்தகத்தின் வரிசை எண், ஜி.எஸ்.டி. கணக்கு, அந்தத் தேதிக்கான உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், இந்த மூன்றையும் கேட்டாலே போதும். அந்த பில்லைக் கையில் வாங்கவே வேண்டாம்.

உண்மையிலேயே வெளியே மாற்றியிருந்தால் அது வேறு கதை. வெளியில் வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது என்று 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் மாற்றவில்லை. அதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

இன்னொரு கண்ணி. இன்ஜினைப் பிரிக்க சர்வீஸ் சென்டர் உங்களிடம் கையெழுத்துக் கேட்கும். பலர் அவசரத்தில் போட்டுவிடுவார்கள். பிரித்த பிறகு பழைய ஆயில் எங்கோ கொட்டப்பட்டிருக்கும், ஃபில்டர் குப்பையில் கிடக்கும். அப்புறம் லேப் பரிசோதனை கேட்டால் எதைப் பரிசோதிப்பது? நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் பொருளை லேபுக்கு அனுப்ப வழி உண்டு, செலவைப் பெரும்பாலும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆனால் அனுப்ப ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே. கையெழுத்துப் போடும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவை போட்டோ எடுங்கள். வடிக்கும்போது அரை லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஃபில்டரையும் சேர்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு மூடி வையுங்கள். மறுத்தால் மறுத்ததை அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் அங்கே விட்டால் பார்க்கிங் கட்டணம் என்று தினக்கணக்கு ஏறும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் பக்கம் போக வேண்டாம். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் சாதாரண மோட்டார் பாலிசியில் வராது. புதுக் கார் கேட்டுப் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வாரண்டி என்றால் பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, காரையே மாற்றுவதல்ல என்று 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆக, ஜாப் கார்டில் பழைய புகார் எதுவும் இல்லையென்றால் என் கருத்து: சமரசம். 35 சதவீதத்தில் நிற்க வேண்டாம், அது ஆரம்பப் பேரம்தான். பாதி பார்ட்ஸ் விலையும் கூலி முழுவதும் தள்ளுபடியும் கேளுங்கள், நடுவில் எங்காவது வந்து நிற்கும். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குக் கோபமில்லாமல் ஒரு மெயில் போதும். அதில் ஷோரூம் மேனேஜரைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பாகம் மாற்றுகிறார்கள், புதுப் பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி, மீதமுள்ள கார் வாரண்டி தொடருமா என்று மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். டெலிவரி எடுக்கும்போது "முழுத் திருப்தி" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்திடாதீர்கள். ஓட்டிப் பார்த்ததும் மீட்டர் எண்ணையும் அந்தத் தாளிலேயே உங்கள் கையால் எழுதிவிடுங்கள்.