மீட்கப்பட்ட பைக்கை உடனே ஓட்டலாமா?

திருடுபோய், பூட்டு உடைந்த நிலையில் மீட்கப்பட்ட பைக்கை உடனே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து ஓட்டாதீர்கள். சாவியில்லாமல் கிளப்புவதற்காக இக்னிஷன் ஒயர்களை அறுத்து வெறுமனே முறுக்கி இணைத்திருந்தால், அந்த முனைகள் உரசி ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது ஹேண்டில் லாக்தான்: அதைக் காலால் உதைத்து உடைத்திருந்தால், லாக் பொருந்தும் சேஸிஸ் (வண்டியின் சட்டகம்) கழுத்துப் பகுதி, அதாவது ஹேண்டில் இணையும் இடம், வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம்; வெளியே பெயின்ட் உரிந்ததுபோல் மட்டுமே தெரியும் அந்த இடத்தை மெக்கானிக்கிடம் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். காப்பீடு இருந்தால், வண்டியைக் கழுவுவதற்கு முன்பே சேதங்களைப் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்வையிட்ட பிறகே பழுதுபார்க்கக் கொடுங்கள்.