வலது கை மரத்துப்போகிறது, என்ன செய்ய?

கேள்வி: அண்ணே, விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்துவிட்டு, பைக்கில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறேன். வண்டி 125 சிசி, வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். தக்கலை தாண்டுவதற்குள் வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துவிடுகின்றன. உதறினால் சரியாகும், கொஞ்ச தூரத்தில் திரும்பவும் வரும். சில நாள் ராத்திரி தூக்கத்திலும் வருகிறது. கனமான கிளவுஸும் ஸ்பாஞ்ச் கிரிப்பும் போட்டால் போதும் என்கிறார்கள். வாங்கட்டுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. எந்தெந்த விரல் என்று எழுதினீர்களே, அதுதான் பாதி விடை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரம் கிரிப்பில் அழுந்துவதாக நினைக்கலாம். நீங்கள் சொல்லும் மூன்று விரலுக்கும் போகிற நரம்பு மணிக்கட்டின் நடுவே குறுகலான ஒரு வழியாக வருகிறது. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அதற்குள் அழுத்தம் ஏறும். விடியற்காலை முழுக்கக் கத்தியை இறுக்கிப் பிடித்த அதே கை, ஓய்வே இல்லாமல் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கிறது.

தக்கலையில் என் ஒர்க்‌ஷாப்புக்குக் கை மரக்கிறது என்று யார் வந்தாலும் முதலில் பிரேக் லீவரைத்தான் பார்ப்பேன். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே உட்காருங்கள். விரல்களை நீட்டி லீவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நேராக இருக்க வேண்டும். லீவர் மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும். லீவரை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரைக் கீழே திருப்பி மறுபடி முறுக்குங்கள். கண்ணாடியும் கூடவே திரும்பிவிடும், அதையும் சரி செய்துகொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடவில்லையே என்று பாருங்கள். செலவே இல்லாத வேலை இது, ஆனால் முக்கால்வாசிப் பேருக்குச் செய்து கொடுக்க ஆள் இல்லை.

அப்புறம் பிடிக்கிற விதம். ஆக்ஸிலேட்டரை மூடிய நிலையில் மணிக்கட்டு நேராக இருந்தால், முறுக்கியதும் அது கீழே மடங்கிவிடும். அதனால் பிடிக்கும்போதே கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடியுங்கள். வழக்கமாக ஓட்டும் வேகத்துக்கு வரும்போது மணிக்கட்டு நேராகும். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். உடம்பின் பாரத்தைக் கையில் போடாமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். காற்று தள்ளத் தள்ளக் கை தானாக இறுகும், காலால் பிடித்தால்தான் கை தளரும்.

ஸ்பாஞ்ச் கிரிப் எனக்குப் பிடிக்காது. கிரிப் தடிமனானால் இறுக்கிப் பிடிக்க இன்னும் பலம் வேண்டும், கனமான கிளவுஸும் அப்படியே. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஆக்ஸிலேட்டர் கேபிள் உறைக்குள் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். ஆக்ஸிலேட்டர் விட்டதும் டப்பென்று திரும்ப வேண்டும். சோம்பிக்கொண்டு வந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள். அதிர்வைக் குறைக்க ஹேண்டில் முனையில் வைத்திருக்கும் வெயிட் இரண்டும் இருக்கிறதா, என்ஜின் மவுன்டிங் போல்ட் இறுக்கமா, டயர் காற்று வண்டியில் எழுதியிருக்கும் அளவா என்பதையும் பார்த்துவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிர்வு கூடினால், அந்த வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ ஓட்டுங்கள்.

கத்தியையும் மறக்காதீர்கள். மழுங்கிய கத்தி கூடுதல் பலம் கேட்கும், நன்றாகத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் கையை ஆற விடுங்கள். மழையால் வெட்டு இல்லாத நாளில் அதே ரோட்டில் ஓட்டும்போது மரப்பு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அன்றைக்குக் குறைந்தால், வண்டியை மட்டும் குறை சொல்ல முடியாது.

ராத்திரியும் வருகிறது என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வண்டியில் இல்லாதபோதும் நரம்பு அழுந்துகிறது என்பதற்கு அது அடையாளம். பிடித்த பொருள் நழுவினாலோ, பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. அது வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்; அவற்றாலும் விரல் மரக்கும். பால்வெட்டு வேலையையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பைக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.