அப்பா வாங்கிய மனைக்கு வாரிசு வரி உண்டா?

"1990-ல் அப்பா 40,000 ரூபாய்க்கு வாங்கிய மனை. 2022-ல் அவர் காலமானார். வாரிசு வரி கட்ட வேண்டுமா, விற்றால் எவ்வளவு வரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொத்து கைக்கு வந்ததற்காக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். 1953-ம் ஆண்டின் எஸ்டேட் டியூட்டி (வாரிசு வரி) சட்டப்படி ஒரு காலத்தில் 85 சதவீதம் வரைகூட வாங்கினார்கள். 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்கு அது கிடையாது. உயில் எழுதி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. மனையில் வாடகை ஏதும் வந்தால் மட்டும் அது உங்கள் வருமானம்.

வரி வருவது விற்கும்போதுதான். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அப்பா இறந்த நாளின் மதிப்பை அடக்க விலையாகப் போட்டுவிடுகிறார்கள். அது செல்லாது. அப்பா வாங்கிய விலைதான் உங்களுக்கும் விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்பதால், 40,000-க்குப் பதிலாக அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த மதிப்பு) தாண்டக் கூடாது. எனவே முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு 2001-ல் இருந்த வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கணக்கும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 2001 மதிப்பு 3 லட்சம் என்றால் லாபம் 57 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 7,12,500. அதுவே 15 லட்சம் என்றால் 5,62,500. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு இந்தியாவில் குடியிருப்பவர்கள் பழைய முறையையும் போட்டுப் பார்க்கலாம்: அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி, மீதிக்கு 20 சதவீத வரி. பணவீக்கக் குறியீடு 2001-02-ல் 100, 2025-26-ல் 376. 15 லட்சம் 56,40,000 ஆகிறது. மிஞ்சும் 3,60,000-க்கு 20 சதவீதம், வெறும் 72,000! 3 லட்சத்துக்கு இதே முறையில் 9,74,400 வரும், அங்கே 12.5 சதவீத முறையில்தான் வரி குறைவு. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் ரிட்டர்ன் தாக்கல் செய்யாதீர்கள். 4 சதவீத செஸ் தனி. வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு 12.5 மட்டுமே.

இன்னொன்று: உயில் இல்லையென்றால் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு, அக்கா தங்கை உட்பட. முழுப் பணமும் உங்கள் கணக்கில் விழுந்தால், மொத்த லாபமும் உங்களுடையதா என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எவ்வளவு என்று எழுதி, அவரவர் வங்கிக் கணக்குக்கே பணம் போகும்படி செய்யுங்கள்.