தேதிக்கு ராசியெல்லாம் கிடையாது டீச்சர்

வணக்கம் சார். அரசுப் பள்ளியில எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். பிரேயர்ல 'வரலாற்றில் இன்று' வாசிக்கிறது என் பொறுப்பு. நவம்பர் 9க்கு தேடினா ஜெர்மனிக்கு மட்டும் 1918, 1923, 1938, 1989ன்னு நாலு வருது. நம்ம பக்கம் 1947ல ஜூனாகத் சமஸ்தானம் இந்தியா கைக்கு வந்தது, 2000ல உத்தராகண்ட் மாநிலம் உருவானது. சில தேதிக்குன்னு ஒரு சக்தி இருக்குமோ? 9ம் 11ம் சேர்ந்தாலே ஆபத்துன்னு இங்க ஒரு சார் நியூமராலஜி சொல்றார். அஞ்சு நிமிஷத்துல பசங்களுக்கு இதுல எதை சொல்லலாம்?
- ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பிரேயர்ல அஞ்சு நிமிஷம் கிடைக்குது, அதுக்கும் இவ்வளவு மெனக்கெட்டு தேடி, புரியலன்னதும் லெட்டர் போட்டு கேக்குறீங்க பாருங்க, அதுக்காகவே உங்களுக்கு பதில் எழுதணும்னு உக்காந்தேன். நானும் கொஞ்ச நாளா இந்த நவம்பர் 9ஐத்தான் மனசுல போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன்.

நியூமராலஜிக்கு நான் பதில் சொல்றதா இல்ல. பசங்க காதுல அது விழாம பாத்துக்கோங்க, அவ்வளவுதான். ஜூனாகத்தும் உத்தராகண்டும் சும்மா ஒரே தேதியில வந்து விழுந்தது. வருஷத்துல இருக்கிறதே 366 தேதி, எதைத் தோண்டினாலும் பத்து சம்பவம் கிடைக்கும்.

ஆனா ஜெர்மனி நாலுல முதல் மூணும் அப்படி இல்ல. நீங்க அதையும் வாட்ஸப் ஃபார்வர்ட் மாதிரி வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்களே, அங்கதான் எனக்கு கோவம் வருது. ஏன் அதே நாள்னு ஒரு தடவை கேட்டிருக்க வேண்டாமா, சோசியல் டீச்சர் நீங்க?

1918ல முதல் உலகப் போர்ல தோத்துக்கிட்டு இருக்கிறப்போ ஜெர்மன் பேரரசர் கைசர் பதவி விலகிட்டார்னு அறிவிப்பு வருது, ஷைடமான்ங்கிற அரசியல் தலைவர் பெர்லின் நாடாளுமன்ற ஜன்னல்ல நின்னு இனி இது குடியரசுன்னு சொல்றார். ரெண்டு நாள்ல போர் நிறுத்தம். தோத்தது ராணுவம், பழி விழுந்தது கையெழுத்து போட்ட அரசியல்வாதிங்க மேல. அவங்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்'னு பட்டம் கட்டி அஞ்சு வருஷம் வெறுப்பை ஊதி ஊதி வளர்த்தாங்க. 1923 நவம்பர் 8 ராத்திரி மியூனிக்ல ஒரு பீர் ஹால் கூட்டத்துக்குள்ள ஹிட்லர் துப்பாக்கியோட புகுந்து கூரையில சுட்டு ஆட்சியைப் பிடிக்கப் பாத்தான்ல, அப்போ விட்ட அறிக்கையிலயே 'நவம்பர் குற்றவாளிகளோட அரசு நீக்கப்பட்டது'ன்னுதான் இருக்கு. மறுநாள் ஊர்வலத்துல போலீஸ் சுட்டதுல அவன் ஆளுங்க செத்தாங்க. 1933ல பதவிக்கு வந்ததும் அந்த சாவை வருஷா வருஷம் கொண்டாட ஆரம்பிச்சான். 8ம் தேதி அதே பீர் ஹால்ல பேச்சு, 9ம் தேதி ஊர்வலம். அவனோட நாஜி கட்சியின் பழைய ஆளுங்க நாடு முழுக்க இருந்து மியூனிக் வந்தாகணும்.

இந்த கடைசி வரியை திரும்ப படிங்க டீச்சர். 1938க்கு சாவி அதுலதான் இருக்கு.

நவம்பர் 7, பாரிஸ். ஹெர்ஷல் கிரின்ஸ்பான்னு 17 வயசுப் பையன், போலந்து யூதக் குடும்பம், அப்பா அம்மாவை ஜெர்மனி அரசு போலந்து எல்லையில கொண்டுபோய் தள்ளிடுச்சுன்னு கேள்விப்பட்டு, ஜெர்மன் தூதரகத்துல ஃபோம் ராத்ங்கிற அதிகாரியை சுட்டுடறான். அவர் 9ம் தேதி சாயங்காலம் சாகிறார். அன்னைக்கு ராத்திரி மியூனிக் பழைய டவுன் ஹால்ல விருந்து, நான் சொன்ன அதே வருஷாந்திரக் கூட்டம். சேதி வருது. ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸ் எழுந்து பேசறான். பேச்சு முடிஞ்சதும் அங்க இருந்தவங்க அவங்கவங்க ஊருக்கு போன் போடறாங்க. விடியறதுக்குள்ள ஊர் ஊரா யூதர்களோட வழிபாட்டுத்தலங்கள் எரியுது, ஃபயர் சர்வீஸ் வந்து நிக்குது, பக்கத்து கட்டடத்துக்கு தீ பரவாம பாத்துக்கோன்னு மட்டும்தான் அதுக்கு உத்தரவு. சுமார் 30,000 ஆம்பளைங்களை பிடிச்சு டாகாவ், புகன்வால்ட், சாக்சன்ஹாசன் முகாம்களுக்கு அனுப்பினாங்க. அப்புறம் யூதர்கள் மேலயே 100 கோடி மார்க் அபராதம் போட்டு, உடைஞ்ச கடைக்கு வர வேண்டிய இன்ஷூரன்ஸ் பணத்தையும் அரசே எடுத்துக்கிச்சு.

இதுக்கு நாஜிங்க சொன்ன விளக்கம் என்ன தெரியுமா, மக்கள் தானா கொதிச்சு எழுந்துட்டாங்களாம். தானா கொதிச்ச கூட்டம் எப்படி டீச்சர் ஒரே ராத்திரியில எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி கொதிக்கும்? அந்த சாவு வேற வாரத்துல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா அந்த ராத்திரி ஊர் ஊரா உத்தரவு கொடுக்கக்கூடிய கட்சித் தலைவர்கள் நிறைய பேர் ஒரே ஹால்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அவங்களை அங்க கொண்டுவந்து உக்கார வச்சது 1923. தேதியே இங்க சாட்சி. அதை ராசின்னு சொன்னீங்கன்னா கொலைகாரனை விட்டுட்டு காலண்டரைப் பிடிச்சு ஜெயில்ல போடற மாதிரி.

இதே காலண்டரை இன்னொருத்தரும் பாத்தார். கேயோர்க் எல்சர், தச்சர். வருஷம் தவறாம 8ம் தேதி ஹிட்லர் அங்க வருவான்னு தெரிஞ்சு, ராத்திரி ராத்திரியா அந்த பீர் ஹால்ல ஒளிஞ்சிருந்து ஒரு தூணைக் குடைஞ்சு உள்ள குண்டு வச்சார். 1939 நவம்பர் 8, குண்டு சரியான நேரத்துக்கு வெடிச்சது, ஆனா மூடுபனியால பிளேன் போகாதுன்னு ட்ரெயின் பிடிக்க ஹிட்லர் 13 நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டான். எட்டு பேர் செத்தாங்க. எல்சரை 1945 ஏப்ரல் வரைக்கும் அடைச்சு வச்சிருந்து டாகாவ்ல கொன்னாங்க. உங்க லிஸ்ட்ல இவர் இல்ல, ஒரு நாள் முன்னாடிங்கிறதால விடுபட்டிருப்பார். சேர்த்துக்கோங்க.

1989ல பெர்லின் சுவர் திறந்தது மட்டும் நிஜமாவே தற்செயல். கிழக்கு ஜெர்மனியோட ஆளுங்கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஷபோவ்ஸ்கி கைல இருந்த பேப்பரைப் பாத்து புது பயண விதியை டிவியில வாசிக்கிறார், எப்போ இருந்துன்னு நிருபர் கேக்க, மறுநாள் வர வேண்டியதை உடனேன்னு சொல்லிடறார். ஜனம் கிளம்பிடுச்சு. ராத்திரி பதினொண்ணரை வாக்குல சுவர்ல இருந்த போர்ன்ஹோல்மர் கேட்டைத் திறந்து விட வேண்டியதாப் போச்சு. ஆனாலும் 9ம் தேதியை தேசிய தினமா வச்சுக்க ஜெர்மன்காரங்களால முடியல, 1938 குறுக்க நிக்குது. அக்டோபர் 3ஐத்தான் வச்சுக்கிட்டாங்க.

என் தங்கச்சி பெர்லின்ல இருந்தப்போ ஒரு நவம்பர் 9 நானும் அங்க இருந்தேன். அவ அபார்ட்மென்ட் வாசல்லயே பிளாட்ஃபார்ம்ல உள்ளங்கை அகலத்துக்கு மூணு பித்தளைக் கல் பதிச்சிருக்கும், அந்த வீட்ல இருந்து இழுத்துட்டுப் போன குடும்பத்தோட பேர், பிறந்த வருஷம், கொண்டுபோன வருஷம். மேல் வீட்டு பாட்டி ஒரு குஷனைப் போட்டு முழங்கால்ல உக்காந்து, பாலிஷ் தொட்டு துணியால தேய்ச்சாங்க, எழுத்தோட பள்ளத்துல இருந்த அழுக்கை தீக்குச்சியால எடுத்தாங்க. மூணு கல்லுல ஒண்ணு அஞ்சு வயசுக் குழந்தையோடது. சுவர் விழுந்த நாளும் இதானே, அதைக் கொண்டாட மாட்டீங்களான்னு தங்கச்சியை விட்டு கேட்டேன். நிமிராமயே, அதுக்கு சாயங்காலம் போவேன், இதை முதல்ல முடிக்கணும்னாங்க.

அஞ்சு நிமிஷத்துல எதை சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க. 1923ஐ ரெண்டு நிமிஷம் சொல்லுங்க, 1938ஐ மூணு நிமிஷம். எட்டாம் வகுப்புக்கு புரியாதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அந்த விருந்துல யார் யார் இருந்தாங்க, ஏன் அன்னைக்குன்னு பசங்களையே கேக்க விடுங்க. சுவரை மறுநாள் பாத்துக்கலாம், ஜனம் அதைத் தாண்டிக்கிட்டு இருந்தது 10ம் தேதியும்தான்.