பசுமை வீட்டுக்குக் கூடுதல் பணம் தரலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி (வீடு வாங்குபவர், பெரும்பாக்கம்): சார், பசுமைச் சான்றிதழ் உள்ள ஃபிளாட் என்று பில்டர் சதுர அடிக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். 1,000 சதுர அடி. தரலாமா?

பதில்: மொத்தம் 2 லட்சம். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணையில் சுமார் 1,800 ரூபாய் ஏறும். இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய் கரண்ட் பில் கட்டுகிற குடும்பம் என்றால், பில்லே கிட்டத்தட்ட இல்லாமல் போனால்தான் இது கட்டுப்படியாகும். அது நடக்காது. ஆனால் லாரித் தண்ணீர் வாங்குகிற இடமென்றால் கணக்கு மாறும். 2019 கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்திகரித்த கழிவுநீர் கழிவறைக்கு வருகிறதா, மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு உண்டா என்று கேளுங்கள். மழைநீர் சேகரிப்பைச் சிறப்பு வசதி என்று சொன்னால் அதற்குப் பணம் தராதீர்கள். தமிழ்நாட்டில் அது 2003 முதலே கட்டாயம். அப்புறம், பசுமைச் சான்றிதழ் தரும் ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில்) வரைபட நிலையிலேயே முன்சான்றிதழ் தந்துவிடும். கட்டி முடித்த பிறகு வருவதுதான் இறுதிச் சான்றிதழ். பில்டரிடம் இருப்பது எது என்று பாருங்கள்.

கேள்வி (கட்டடக்கலை மாணவர், திருச்சி): ஐயா, என் ஆய்வில் பலரும் பசுமை வீட்டுக்கு 10 சதவீதம் கூடுதலாகத் தருவோம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம் தம்பி. கையிலிருந்து காசு போகாதவரை எல்லோரும் தாராளமாகத்தான் சொல்வார்கள். 'பசுமை வீடு' என்றால் என்ன என்பதிலும் குழப்பம் உண்டு. கிராமத்தில் கேட்டால் 2011இல் வந்த அரசுத் திட்டத்தின் 300 சதுர அடி வீடும் சோலார் விளக்கும் ஞாபகம் வரும்; நகரத்தில் பால்கனிச் செடி. பெயரை விட்டுவிடு. வசதிகளைத் தனித்தனியாகச் சொல்லி, தவணை எவ்வளவு ஏறும், பில் எவ்வளவு குறையும் என்று காட்டிக் கேள். முன்பணம் புரட்ட முடியுமா என்பதையும் கேட்டுவிடு. முதல் வீடு வாங்குகிற பலருக்கு மனசு இருக்கிறது, அந்தப் பணம்தான் இல்லை. விருப்பம் இல்லாதவரையும் முடியாதவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் உன் ஆய்வே பிசகிவிடும்.

கேள்வி (கான்ட்ராக்டர், விருதுநகர்): வீடு கட்டுபவர்கள் கிரானைட்டுக்கு யோசிக்காமல் பணம் தருகிறார்கள். மாடியில் கூலிங் டைல்ஸ் என்றால் 'வேண்டாம்' என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: கிரானைட் கண்ணுக்குத் தெரிகிறது, குளிர்ச்சி தெரிவதில்லை. நீங்கள் முன்பு டைல்ஸ் போட்ட வீட்டுக்கும் போடாத வீட்டுக்கும் சித்திரை மாதம் மதியம் 3 மணிக்கு அழைத்துப் போங்கள். இரண்டிலும் மாடி அறையில் பத்து நிமிஷம் உட்காரட்டும். விலையை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

கேள்வி (வாடகைக்கு இருப்பவர், ஓசூர்): கரண்ட் மிச்சமாகும்படி வீட்டில் ஏதாவது செய்யச் சொன்னால், வீட்டுக்காரர் எதுவும் செய்ய மாட்டேன் என்கிறார்.

பதில்: செலவு அவருக்கு, மிச்சம் உங்களுக்கு, அதனால்தான் தயங்குகிறார். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடியதை வாங்குங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற மின்சிக்கன மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஒரு ஃபேனில் மட்டும் 197 யூனிட் மிச்சம்.