கவ்வியதைக் கசக்காமல் கொடுக்க: ரிட்ரீவர் குட்டிகள் பற்றிய கேள்வி-பதில்

ஒன்டாரியோவில் செப்டம்பரில் வாத்து வேட்டை சீசன் திறந்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சுட்ட பறவையைக் கவ்வி வரும் வேட்டை நாயான ரிட்ரீவர் பொருளை எடுத்து வருகிறது, ஆனால் ஒழுங்காகக் கையில் தருவதில்லை. இந்த முறை அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

என் லாப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம். டம்மி (பறவைக்குப் பதிலாக எறிந்து பழக்கும் பொருள்) எறிந்தால் பாய்ந்து ஓடி எடுத்து வருகிறான். "கொடு" என்றால் மட்டும் பிடிவாதம். இழுக்க இழுக்க இன்னும் இறுக்குகிறான், உறுமலும் உண்டு. வாயில் ஒரு தட்டு தட்டலாமா?

தட்ட வேண்டாம். முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். நீங்கள் இழுத்தால் அவனும் இழுப்பான், எந்தக் குட்டியும் அப்படித்தான். இன்று டம்மியோடு பழகும் அந்த இழுபறி நாளைக்கு வாத்தின் மேல் நடக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். அவன் திரும்பி வரும்போது எதிரே போகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள், அவனே வந்து உங்கள் மேல் உரசட்டும். டம்மியைத் தொடவே வேண்டாம், அதைப் பார்க்கவும் வேண்டாம். நெஞ்சையும் கழுத்துக்குக் கீழேயும் தடவிக் கொடுங்கள். தலைக்கு மேலே கை நீட்டினால் பறிக்க வருகிறீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாயில் டம்மியோடு உங்கள் பக்கத்தில் நிற்பதே சுகமான வேலை என்று அவனுக்குத் தோன்ற வேண்டும்.

அப்புறம் ஒரு கையைத் தாடைக்கு அடியில் கொண்டுபோய் டம்மியின் நுனியைப் பிடியுங்கள். கையை முழங்காலோடு சேர்த்து அசையாமல் வையுங்கள். வெளியே இழுக்காமல், துளியளவு அவன் வாய்ப்பக்கமாகத் தள்ளுங்கள். தாடை தளர்வது கையிலேயே தெரியும். அந்த நொடியில், தாழ்ந்த குரலில் "கொடு". அவன் விட்டதும் பாராட்டிவிட்டு அதே டம்மியைத் திரும்ப அவன் வாயிலேயே கொடுத்துவிடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. கொடுத்தால் பொருள் போய்விடாது என்று தெரிந்த குட்டி இறுக்கிப் பிடிக்காது. சில நாள் கழித்து, தாடை தளர்வதற்கு முன்பே சொல்லைச் சொல்லலாம்.

வீட்டிலும் கொஞ்சம் கவனியுங்கள். குட்டி ஒரு சாக்ஸைத் தூக்கினால் வீடே துரத்திப் பிடித்து, வாயைப் பிளந்து பிடுங்குகிறதா? பிள்ளைகள் கயிறு இழுத்து விளையாடுகிறார்களா? அப்படியானால் மைதானத்தில் நீங்கள் கட்டுவதை வீட்டு ஹாலில் இடித்துக்கொண்டிருக்கிறீர்கள். செருப்பைக் கொண்டுவந்தாலும் கூப்பிட்டு, தடவிக்கொடுத்து, நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஐந்து மாதம் என்றால் பல் மாறும் பருவம். நாலாவது மாதவாக்கில் பால்பல் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 28 பால்பல் போய் 42 பல் வந்து நிற்கும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருந்தாலோ டம்மியில் ரத்தக்கறை தெரிந்தாலோ கொஞ்ச நாள் டம்மி வேலையே வேண்டாம். வலிக்கிற வாய் ஒன்று இறுக்கும், இல்லாவிட்டால் துப்பும். பெரிய நாய்க்கான 450 கிராம் டம்மியையும் தள்ளி வையுங்கள். இந்த வயதுக்கு அதில் பாதி எடையுள்ள துணி டம்மி போதும்.

பிஸ்கட் காட்டினால் உடனே விடுகிறாள். அது போதாதா?

சமையலறையில் போதும். வயலில் உங்கள் கை பையை நோக்கிப் போவதைப் பத்தடி தூரத்திலேயே பார்த்துவிட்டு, பறவையை அங்கேயே துப்பிவிட்டு வருவாள். அந்தப் பறவைக்கு உயிர் இருந்தால் எழுந்து ஓடிவிடும். தொடக்கத்தில் நாலைந்து முறை பிஸ்கட் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் பொருள் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் பிஸ்கட் வெளியே வர வேண்டும். சீக்கிரம் அதை நிறுத்திவிட்டு, அடுத்த எறிதலையே பரிசாக்குங்கள். ரிட்ரீவருக்கு ஓடி எடுப்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

முதல் சீசனில் கொண்டுவந்த மல்லார்ட் வாத்துகளில் இரண்டின் விலா நொறுங்கியிருந்தது. நாய்க்கு "ஹார்ட் மவுத்", அதாவது பறவையை நசுக்கும் பழக்கம், வந்துவிட்டதா?

இரண்டு பறவையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கிட்டத்தில் சுட்டால், உயரத்திலிருந்து இறுகிய தரையில் விழுந்தால், நாயின் பல் படாமலே விலா உடையும். கையால் நீங்களே பொறுக்கிய வாத்துகளையும் தடவிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

பரிசோதிக்கும் முறை பிரிட்டிஷ் ஃபீல்டு ட்ரயல் (வேட்டை நாய்ப் போட்டி) நடுவர்கள் செய்வதுதான். பறவையின் நெஞ்சு மேலே தெரியும்படி உள்ளங்கையில் வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பக்க விலாவையும் மெதுவாகத் தடவட்டும். உருண்டையாக, உறுதியாக இருந்தால் நாய்மீது குற்றமில்லை. இரண்டு பக்கமும் தட்டையாக உள்ளே அமுங்கியிருந்தால் சந்தேகம் நாய்மேல். அந்தப் போட்டிகளில் இது உறுதியானால் நாய் அப்போதே வெளியே, மன்னிப்பு இல்லை. ஆனால் வால்பக்கத் தோல் கிழிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. அடிபட்டு ஓடுகிற பறவையைத் துரத்திப் பிடிக்கும்போது அப்படி ஆவது சகஜம்.

பறவைக்குப் பறவை விலா அமுங்கியே வந்தால், காரணத்தைத் தேடுங்கள். இரண்டு நாய்கள் ஒரே பறவைக்குப் போட்டி போட்டனவா? சிறகு மட்டும் அடிபட்ட பறவை முகத்தில் அடித்ததா? ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவையில் ஆணின் காலில் முள் உண்டு, ஒரு முறை குத்து வாங்கிய இளம் நாய் அடுத்த பறவையை முதலில் நசுக்கிவிட்டுத்தான் தூக்கும். நீங்கள் அவசரத்தில் பறித்தீர்களா? கொஞ்சம் பரம்பரையும் உண்டு, அதனால்தான் குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் வேலை செய்வதைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். ஊறிப்போன நசுக்கும் பழக்கத்தை முழுதாகப் போக்குவது ரொம்பக் கடினம். டம்மியில் ஆணியும் கம்பியும் சுற்றிக் கொடுக்கும் பழைய வைத்தியத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் கவ்வவே பயப்படும் நாய்தான் மிஞ்சும்.

ஏரியிலிருந்து அழகாக நீந்தி வருகிறது. கரையேறியதும் வாத்தைக் கீழே போட்டுவிட்டு உடம்பை உதறுகிறது.

காதிலும் உடம்பிலும் தண்ணீர் இருந்தால் உதறத்தான் செய்யும். உதறுவதற்கு முன்னால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பூட்ஸோடு கணுக்கால் தண்ணீரில் நின்று, வயிறு தண்ணீரை விட்டு மேலே வருவதற்குள் வாங்கிவிடுங்கள். சரியாக வந்த பிறகு ஒவ்வொரு அடியாகக் கரைப்பக்கம் பின்வாங்குங்கள். அது கரையேறும்போது நீங்கள் பின்னால் வேகமாக நகர்ந்தால், உதற நினைத்த நாய்கூட உங்களைத் துரத்தி வரும். கீழே போட்டுவிட்டால் நீங்கள் குனிந்து எடுக்காதீர்கள், அதையே மறுபடி எடுக்கவையுங்கள்.

டம்மியை மென்மையாகத் தருகிற எங்கள் கோல்டன் ரிட்ரீவர், செத்த புறாவைக் கொடுத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

புறாவில் தொடங்கியதுதான் சிக்கல். அதன் இறகு லேசாகத் தொட்டாலே கழன்று நாக்கில் ஒட்டும், பல நாய்களுக்கு அது பிடிக்காது. டம்மியின் மேல் காய்ந்த வாத்துச் சிறகைக் கட்டிச் சில நாள் எறியுங்கள். அடுத்து சிறிய கிளுவை வாத்தோ கௌதாரியோ கிடைத்தால், உடல் சூடு ஆறியதாக, ரத்தமோ காயமோ இல்லாததாகப் பார்த்து, சிறகை உடம்போடு சேர்த்து ஒரு பழைய காலுறைக்குள் நுழைத்துக் கொடுங்கள். அது பழகியதும் காலுறையை எடுத்துவிடலாம். வாடை வந்த பறவை கூடவே கூடாது, அதைக் கண்டால் உருளவோ தின்னவோ தோன்றும்.

காதைத் திருகிப் பழக்கும் "ஃபோர்ஸ் ஃபெட்ச்" அவசியம் என்கிறார் நண்பர்.

அமெரிக்காவில் போட்டி நாய் பழக்குகிறவர்களிடம் பரவலான முறை. காதில் வலி, டம்மியைக் கவ்வினால் வலி நிற்கும் என்பது கணக்கு. கைதேர்ந்தவர்கள் கையில் அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு நாயை வைத்து வருடத்தில் சில வார இறுதிகள் வாத்துக்குப் போகிறவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. நேரம் தவறினால், வலியை உங்களோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஷாக் காலர் (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) பற்றிக் கேட்ட கார்டிஃப் வாசகருக்கு: வேல்ஸில் அது 2010 முதல் சட்டப்படி தடை. பேச்சு முடிந்தது.

விருதுநகர் பக்கம் இருக்கிறேன். என் சிப்பிப்பாறை முயலைப் பிடித்தால் விடுவதே இல்லை. என்ன செய்ய?

முயல் பிடிக்க விடாமல் இருப்பதுதான் முதல் வேலை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், நாயை ஏவிப் பிடிப்பதும் அதில் அடக்கம். தவிர, சிப்பிப்பாறை கண்ணால் கண்டு, துரத்தி, பிடித்துக் கொல்வதற்கு வளர்க்கப்பட்ட இனம். லாப்ரடாரின் வாயை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீளக் கயிறு கட்டி, துணி டம்மியில் மேலே சொன்ன "கொடு" பாடத்தைக் கற்பிக்கலாம். ஓட்டத்துக்கு வேலி போட்ட இடம் பாருங்கள்.

பறவைக் காய்ச்சல் செய்தி பார்த்துப் பயமாக இருக்கிறது. நாயை அனுப்பலாமா?

2023 ஏப்ரலில் ஒன்டாரியோவின் ஓஷவாவில் ஒரு வீட்டு நாய், காட்டு வாத்து (கூஸ்) ஒன்றைக் கடித்து மென்ற பிறகு தொற்றி இறந்தது. ஆகவே பயத்தில் அர்த்தம் உண்டு. சுடாமலே செத்துக் கிடக்கும் பறவையையும், தள்ளாடுகிற பறவையையும் நாய் தொட விடாதீர்கள். பச்சைக் கறியும் குடலும் போடாதீர்கள். பறவையை உடனே வாங்கிப் பைக்குள் போடுங்கள், வாயில் வைத்துக்கொண்டு சுற்ற விட வேண்டாம். சீசன் முடிந்து சளி, இருமல், சோர்வு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் வேட்டைக்குப் போனதையும் சொல்லுங்கள்.

எப்போது நிஜ வேட்டைக்குக் கூட்டிப் போகலாம்?

டம்மியையும் ஆறிய பறவையையும் கையில் தருவது பழகி, துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாமல், சொல்லும்வரை உட்கார்ந்திருக்கத் தெரிந்த பிறகு. பெரும்பாலும் ஒரு வயது தாண்டும். முதல் சீசனில் உங்கள் நாய் மட்டும் இருக்கட்டும், நண்பரின் நாய் வேண்டாம். திறந்த இடத்தில் அசையாமல் கிடக்கும் பறவைக்கு மட்டும் அனுப்புங்கள். அடிபட்டு ஓடுவதை அனுபவமுள்ள நாயோ நீங்களோ பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பறவை நன்றாக வந்தால் நாயைக் காரில் ஏற்றிவிட்டு, மிச்ச வேட்டையை நீங்கள் தொடருங்கள்.