ஜிஎஃப்எக்ஸில் கேனன் 24 மிமீ ஷிஃப்ட் லென்ஸ்: மூலை கருப்பது அடாப்டரின் பிழையா?

வணக்கம். ஃப்யூஜியின் பெரிய சென்சார் கேமராவான ஜிஎஃப்எக்ஸில், கேனன் டிஎஸ்-இ 24 மிமீ ஷிஃப்ட் லென்ஸின் இரண்டாம் பதிப்பை அடாப்டர் (வேறு நிறுவன லென்ஸை இணைக்கும் வளையம்) வழியாகப் பொருத்தி, உயரமான கட்டடத்தைச் செங்குத்துச் சட்டகத்தில் 12 மிமீ ஷிஃப்ட் செய்து, அதாவது கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி, எடுத்தபோது மேல் மூலைகள் கருத்துவிட்டன, அடாப்டரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். அந்த லென்ஸின் பிம்ப வட்டம், அதாவது அது உள்ளே வீழ்த்தும் வட்டமான பிம்பம், 67.2 மிமீ விட்டமுடையது, 43.8 × 32.9 மிமீ சென்சார் அதற்குள் முழுதாக அடங்க வேண்டுமானால், கணக்குப்படி செங்குத்துச் சட்டகத்தில் ஏறத்தாழ 7 மிமீ, கிடைமட்டச் சட்டகத்தில் 9 மிமீ வரையே மேலே நகர்த்த முடியும். லென்ஸில் பொறித்துள்ள 12 என்பது 36 × 24 மிமீ சென்சாரை எண்ணி இட்ட அளவு. கிடைமட்டத்தில் 2 மிமீ கூடுதலாகக் கிடைக்கிறதே என்று மகிழவும் வேண்டாம். கட்டடத்தின் உச்சியை எட்டுவது செங்குத்துச் சட்டகம்தான். வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போது கூர்மை தளர்வதால், நான் 6 மிமீயோடு நிறுத்திக்கொண்டு எஃப்/11 துளையில் எடுப்பேன்; இடமிருந்தால் நாலடி பின்னால் நகர்வது இன்னும் நல்லது.

பழைய ஹாஸல்பிளாட் வி கேமரா உடலில் டிஜிட்டல் பேக்கை (ஃபிலிமுக்குப் பதிலாகப் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டியை) மாட்டி இதே லென்ஸைப் பயன்படுத்தும் யோசனையைக் கைவிடுங்கள். அந்த உடலின் ஃப்ளாஞ்ச் தூரம் (லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள இடைவெளி) 74.9 மிமீ, கேனன் இஎஃப் லென்ஸுக்கு வேண்டியதோ 44 மிமீ. லென்ஸ் சென்சாரிலிருந்து மிகவும் தள்ளி நிற்கும் என்பதால், தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது.